சுற்றறிக்கையாரின் எளிய துடைப்பு முறை

அலுவலகத்தில் அவருக்குச் சுற்றறிக்கை என்று பெயர். மேலாளராக இருந்த காலமெல்லாம் மின்விசிறியை நிறுத்துவது எப்படி, நனைந்த குடையை மாட்டுவது எப்படி என்று சுற்றறிக்கை விட்டே ஓய்வு வயதை எட்டிப் பிடித்தவர். அவற்றை யாரும் படித்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒன்று விட்டிருப்பார்.

ஓய்வு பெற்ற பின் விடுவதற்கு ஆள் வேண்டுமே. வீட்டில் மனைவி இருந்தாள்.

அவள் தையல்காரி. ஒரு தங்கும் விடுதிக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பவள். கூடத்து ஜன்னலோரம் அவளுடைய மெஷின். சாயங்காலம் அதை மூடியதும் நூல் துணுக்குகளைப் பெருக்கித் தள்ளுவாள். பாத்திரம் கழுவிய கையோடு தொட்டியையும் தேய்த்துவிடுவாள். எதுவும் கொட்டினால் அப்போதே துடைப்பாள். அவ்வளவுதான் சுத்தம். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவருக்குத் தோன்றியது.

"நீ ரொம்பக் கஷ்டப்படறே," என்றார் ஒருநாள், சோபாவில் காலை நீட்டியபடி. "சுத்தம்ங்கறது மனசுக்குப் பாரமா இருக்கக் கூடாது. இனிமே நம்ம வீட்டுல எளிய முறை."

"எனக்கு ஒண்ணும் பாரமா இல்லீங்களே."

"இருக்கு. உனக்குத் தெரியல."

எளிய முறையின் முதல் பலி மெஷின். கூடத்தில் கண்ணில் படும் பொருள் குறையக் குறைய மன இறுக்கமும் குறையுமாம். மெஷின் ஜன்னல் இல்லாத பின்னறைக்குப் போனது. அலமாரி நிறைய அடுக்கியிருந்த அவருடைய பிரிவுபசாரக் கேடயங்கள் போகவில்லை.

"அதெல்லாம் பொருள் இல்ல," என்றார். "ஞாபகம்."

அடுத்து துணிகள் வந்தன. கூடத்துக்கு மஞ்சள், சமையலறைக்குப் பச்சை, கண்ணாடிக்கு நீலம், கழிப்பறைக்குச் சிவப்பு. துடைக்கத் தொடங்கும் முன் கண்ணை மூடி நிதானமாக மூச்சை இழுத்து விட வேண்டும். துடைப்பது அவள், மூச்சு விடுவது அவர் என்று வேலை பிரிந்தது.

அந்தத் துணிகளுக்கு ஓரம் அடிக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. மற்ற மூன்றையும் வெள்ளை நூலில் அடித்தாள். சிவப்பை எடுக்கும்போது மெஷினில் விடுதித் திரைச்சீலைக்காகக் கோத்த கறுப்பு நூல் இருந்தது. அந்த இருட்டில் அதை உருவிவிட்டு வேறு நூல் கோக்க யாரால் ஆகும்? கழிப்பறைத் துணியின் ஓரத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று கறுப்பிலேயே ஓட்டிவிட்டாள்.

பார்க்க வந்த தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, கண்ணு எரியுதுன்னு வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்டி. ஒரு விளக்கம் குடுத்தார். அது முடியறதுக்குள்ள அடுப்புல வெச்சது கருகிப் போச்சு."

"மாமா எங்கயாச்சும் வேலைக்குப் போகக் கூடாதா?"

"யார் கூப்பிடுவாங்க?"

கூப்பிட்டார்கள். ஓய்வூதியர் சங்கத்துக்கு ஊர் ஊராகப் போய்ப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. 'இறுக்கமில்லா இல்லம்' என்று அவரே தலைப்புக் கொடுத்திருந்தார். வீட்டை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தலைவர் சொல்லி அனுப்பினார். கேட்டதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மனிதர் காலையில் கிளம்பிப் போனால் பொழுது சாயும்வரை ஜன்னல் அவளுடையது.

தலைவர் வருவதற்கு முந்தின நாள் சுற்றறிக்கைக்குத் திடீரென உழைக்கும் ஆசை வந்துவிட்டது. துணிகளைத் தானே துவைப்பதாகச் சொன்னார். தனித்தனியாகத் துவைப்பது சிக்கல், சேர்த்துப் போட்டால் எளிமை என்று நான்கையும் ஒரே வாளியில் கொதிநீர் ஊற்றி, வெளுப்புத் தூளையும் கொட்டி ஊறவைத்தார். வெளியே வந்தபோது நான்கும் சேற்றில் புரண்ட எருமை நிறத்தில் இருந்தன.

ஒன்றைப் பிழிந்து தூக்கிப் பார்த்தார். ஒரு மேலாளர் தவறு செய்வதில்லை, கொள்கையைத் திருத்துகிறார்.

"ஒரே நிறம்," என்றார். "முன்னைக்கு இப்ப இன்னும் எளிமை."

தலைவர் வந்தார். பாரியான உடம்பு, எதற்கும் தலையாட்டும் சுபாவம். நாற்காலிக்கும் ஆட்டினார், கேடயங்களுக்கும் ஆட்டினார். சுற்றறிக்கை நடுக்கூடத்தில் நின்று கண்ணை மூடி மூச்சு விட்டார். தலைவர் அதற்கும் ஆட்டினார். பிறகு சுற்றறிக்கை கொடியிலிருந்து கைக்கு வந்த துணியை உருவி, தட்டிலிருந்த இரண்டு கண்ணாடி டம்ளர்களை உள்ளும் புறமும் சுழற்றிச் சுழற்றித் துடைத்தார்.

பழரசத்தோடு வந்தவள் துணியின் ஓரத்தைப் பார்த்தாள். கறுப்பு நூல்.

சொன்னால் தலைவர் கிளம்பச் செருப்பைத் தேடுவார். சுற்றறிக்கை ஆயுசுக்கும் வீட்டோடு இருப்பார், ஐந்தாவது நிறத்தோடு. சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத மனிதர் அதில் குடிப்பார். அந்தத் தலை ஏற்கெனவே டம்ளரைப் பார்த்து ஆடத் தொடங்கியிருந்தது.

அவள் தலைவருக்கு முன்னிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"ஐயாவுக்கு உள்ள வேற டம்ளர் இருக்கு. விருந்தாளிக்குன்னே வெச்சிருக்கேன்."

"இதுக்கென்ன குறைச்சல்? பளபளன்னு இருக்கே," என்றார் கணவர்.

"அதான் உங்களுக்கு. நீங்க துடைச்சதுல நீங்க குடிச்சுக் காட்டினாத்தானே ஐயாவுக்கு நம்பிக்கை வரும்."

மனைவிக்கு இவ்வளவு கூர்மை உண்டா என்று அவருக்கே பெருமையாகிவிட்டது. கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"நம்ம கையால துடைச்சதுல குடிக்கறப்போ ருசியே தனி," என்றார்.

"தெரியுது," என்றார் தலைவர். "முகத்துலயே தெரியுது."

அடுத்த வாரமே சுற்றறிக்கை பையும் கையுமாகப் புறப்பட்டார், முன்பின் தெரியாத குடும்பங்களின் மன இறுக்கத்தைக் குறைக்க. அவர் தெருமுனை திரும்பியதும் அக்காவும் தங்கையும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டார்கள். கேடயங்கள் பின்னறைக்குப் போயின.

விஷயத்தைக் கேட்டுத் தங்கை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமாகிட்ட சொல்லவே போறதில்லையாக்கா?"

"சொன்னா அதுக்கும் ஒரு முறை கண்டுபிடிப்பார்," என்றாள் தையல்காரி. கறுப்பு நூலை வெளிச்சத்தில் பிடித்து, முதல் தடவையிலேயே ஊசியில் கோத்தாள்.