தாயாரம்மாள் உட்கார்ந்த வாசல்

ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலை ஓரமாக மெஸ் நடத்திவந்த தாயாரம்மாளுக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. மண்டல் கமிஷன், வளைகுடாப் போர், செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் பட்டணத்துக்குப் போவது, சில டீக்கடைகளில் காலனி ஆட்களுக்கு இன்னும் தனித் தம்ளர் வைத்திருப்பது என்று அன்றன்றைக்குப் பேப்பரில் எது வந்தாலும் சாம்பார் வாளியும் கையுமாக நின்று அதைப் பேசித் தீர்த்துவிடுவாள். லாரி டிரைவர்கள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்பார்கள். மறுத்துப் பேசினால் ரசம் கிடைக்கத் தாமதமாகும் என்று தெரிந்தவர்கள் மறுத்துப் பேசுவதில்லை.

மெஸ்ஸுக்குப் பின்புறத் தெருவில் குடியிருந்த அம்ருதவல்லி அந்தக் குரலை தினமும் சமையலறையிலிருந்து கேட்டாள். அவள் கணவர் பாஷ்யம் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தார். உற்சவ நாட்களில் கோயிலில் பாராயண கோஷ்டியிலும் நிற்பார். அவருக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. ஆங்கிலப் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். சில பிரசுரமாகியும் இருந்தன. தாயாரம்மாளின் குரல் பெரிதாக எழும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு, "நாலு வார்த்தை நிதானமாப் பேசத் தெரியலை, இவாளுக்கெல்லாம் அரசியல்" என்பார். அம்ருதவல்லிக்கு அபிப்பிராயம் ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

பாஷ்யத்தின் வீட்டுக்கு எதிரில் அவருக்கே சொந்தமான சிறிய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதில் சாம்சனும் அவன் மனைவி லூர்தம்மாளும் வாடகைக்கு இருந்தார்கள். இலங்கையில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். சாம்சன் ஒரகடம் சாலையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தான். கைக்குழந்தை ஒன்று. யாரோடும் அதிகம் பேசமாட்டார்கள். வாடகை மட்டும் தேதி தவறாமல் வந்துவிடும்.

மே மாதத்தில் ஊரின் தலையெழுத்தே மாறிப்போனது. தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவர் குண்டு வெடித்து இறந்துபோனார். அவரோடு நின்றிருந்த பலரும் இறந்தார்கள். தாயாரம்மாள் அந்தக் கட்சியின் மகளிர் அணியில் இருந்தவள். கூட்டத்துக்குப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போனவள். விடிந்த பிறகுதான் வீடு திரும்பினாள். அவள் புடவையில் இருந்த ரத்தம் அவளுடையது அல்ல. யாருடையது என்று அவளுக்கும் தெரியவில்லை.

மெஸ் சில நாட்கள் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. பேப்பர்களில் இலங்கை இயக்கத்தின் பெயர் அடிபடத் தொடங்கியிருந்தது. ஊரில் எங்கு பார்த்தாலும் போலீஸ், வேன்கள், கேமராக்கள். யாரைப் பிடித்து நிறுத்தினாலும் ஒரு கருத்துச் சொன்னார்கள். தாயாரம்மாளும் சொன்னாள்.

"எம்பத்தி மூணுல சிலோன்ல கலவரம்னப்போ அவங்களுக்கோசரம் ஊர்கோலம் போனவ நானு. வூடு வூடா அரிசி வாங்கினு போய்க் குட்த்தவ. இனிமே ஒருத்தன் இங்க இருக்கக் கூடாது. அத்தினி பேரையும் கப்பல் ஏத்தி அனுப்பணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த வார்த்தைகள் சின்னப்பையன் காதிலும் விழுந்தன. அவன் தாயாரம்மாளின் கூடப்பிறந்த தம்பி. கட்சிக்குக் கொடி கட்டுகிறவன்.

எதிர்வீட்டு ஜன்னல் வழியாக அதைக் கேட்டுக்கொண்டிருந்த லூர்தம்மாள் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனதை அம்ருதவல்லி பார்த்தாள். அன்று சாயங்காலம் பாஷ்யம் சாம்சனைக் கூப்பிட்டனுப்பினார்.

"தப்பா எடுத்துக்கப்படாது. எனக்கு ஒண்ணும் இல்லை. ஊர் நிலைமை அப்படி. இந்த மாசத்தோட வேற இடம் பார்த்துக்கோ."

சாம்சன் தலையைக் குனிந்தபடி, "சரி ஐயா" என்றான். எங்கே போவது என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மெஸ்ஸில் கூட்டம் நிறைந்திருந்த நேரம். இலையில் மோர் வாங்கிக்கொண்டிருந்த ஒருவன் தாயாரம்மாளிடம், "அக்கா, நீ சொன்னத இன்னிக்கு உன் தம்பி செஞ்சு முடிக்கப் போறான். பின்னாடித் தெருவுல அந்தச் சிலோன்காரன் வூடு. ஆளுங்க பென்னலூர் பக்கத்துலேந்தும் வந்துகினுகிறாங்க" என்றான்.

"இன்னா செய்யப் போறான்?"

"கொளுத்தப் போறாங்கக்கா."

அவள் மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பின்கதவு வழியாக வெளியேறினாள்.

அம்ருதவல்லி தன் வீட்டு ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். தாயாரம்மாள் வேகமாக வந்தாள், ஓடவில்லை. ஓட்டு வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த லூர்தம்மாள் அவளைக் கண்டதும் பின்வாங்கினாள். அந்தத் தெருவிலேயே லூர்தம்மாள் அதிகம் பயந்தது அவளுக்குத்தான்.

"புருசன் எங்க?"

"பட்டறைக்குப் போயிட்டார். ஓவர் டைம் எண்டு."

"புள்ளைய எட்த்துக்கினு உள்ளறையில குந்து. கதவத் தாப்பா போட்டுக்கோ. யாரு கூப்ட்டாலும் தொறக்காத."

"அக்கா, நாங்கள் ஒண்டும் செய்யேல்ல."

"அத நான் கேக்கல," என்றாள் தாயாரம்மாள். அவள் குரலில் கனிவு கொஞ்சமும் இல்லை. கதவை அவளே இழுத்துச் சாத்திவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் தெருமுனையில் திரும்பியது. முன்னால் சின்னப்பையன். கையில் ஒரு பிளாஸ்டிக் கேன். பாஷ்யம் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, "இந்தண்டை வா. ஜன்னல்கிட்ட நிக்காதே" என்றார். அம்ருதவல்லியால் நகர முடியவில்லை.

அக்காவைப் பார்த்ததும் சின்னப்பையன் நின்றான்.

"அக்கா, எழுந்துரு."

"மாட்டேன்."

"நீதான சொன்ன, ஒருத்தன் இருக்கக் கூடாதுன்னு. எல்லார் எதுருலயும் சொன்ன."

"சொன்னேன். கோவத்துல சொன்னேன். இப்பவும் கோவம் கீது. அதுக்குன்னு வூட்டக் கொளுத்தச் சொன்னனா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ, "காசு வாங்கிட்டா" என்றான். அதற்கு யாரும் பதில் சொல்வதற்குள் ஒரு கல் வந்தது. அது அவள் நெற்றியில், புருவத்துக்கு மேலே பட்டது. ரத்தம் கண்ணோரமாக இறங்கியது. அம்ருதவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். தாயாரம்மாள் விழுவாள், அல்லது எழுந்து ஓடுவாள், அல்லது ஊரே கேட்கும்படி வசையாவது பாடுவாள் என்று நினைத்தாள். தாயாரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அவள் பேசத் தொடங்கியபோது குரல் தணிந்திருந்தது. அத்தனை வருஷங்களில் அந்தக் குரல் தணிந்து அம்ருதவல்லி கேட்டதே இல்லை. தெரு முழுக்க அது கேட்டது. அவ்வளவு அமைதி.

"அன்னிக்கி அந்த எடத்துல நான் நின்னுகினு இருந்தேன். உங்கள்ல யார்னா இருந்தீங்களா? நானு கூட்டினு போன பொண்ணுங்கள ஒவ்வொருத்தியாத் தேடினேன். இருட்டுல கைய வெச்சுத் தடவித் தேடினேன். கையில இன்னா ஆப்புட்டுச்சுன்னு இங்க சொல்ல முடியாது. எனக்கு இல்லாத கோவமா உங்களுக்கு? இது என் கோவம். இத எட்த்துக்கினு போய் ஒரு கைக்கொயந்த மேல ஊத்தறதுக்கு உங்களுக்கு யாரு குட்த்தது?"

அவள் தம்பியின் கையைப் பார்த்தாள்.

"அது இன்னா, ரேஷன் கிருஷ்ணாயிலா?"

அவன் கேனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"அம்மா வூட்டுதுதான? நாளைக்கு அம்மா எதுல அடுப்பு பத்த வெக்கும்?"

சின்னப்பையன் கேனைப் பார்த்தான். அது என்ன என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. அவன் முகம் சிறுபிள்ளையின் முகம்போல் கோணியது. ஆனாலும் அவன் நகரவில்லை. பின்னால் நின்றவர்களும் கலையவில்லை. இன்னொரு கல் வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று அம்ருதவல்லிக்குப் பட்டது.

அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"பைத்தியமா உனக்கு? எங்கே போறே?" என்றார் பாஷ்யம்.

"அந்த வீடும் நம்மளோடதுதானேன்னா," என்றாள் அம்ருதவல்லி.

அவள் தெருவைக் கடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. கோயிலுக்குப் போகும்போதும் இப்படித்தான் வழிவிடுவார்கள். தாயாரம்மாளுக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் அவள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. தாயாரம்மாளின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோது பாறைபோல இருந்தவள், பக்கத்தில் காய்ச்சல் கண்டவளைப்போல நடுங்கினாள். நடுங்கிக்கொண்டேதான் அத்தனையையும் பேசியிருக்கிறாள். அம்ருதவல்லிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெருமாளைச் சேவிக்கத் திரை விலகும் நேரத்தில்தான் அவளுக்கு அப்படி ஆகும்.

கூட்டத்தில் ஒரு வயதானவர் தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "வாங்கப்பா, போவலாம்" என்றார். பின்வரிசை முதலில் கலைந்தது. கடைசியில் சின்னப்பையன் மட்டும் நின்றான். கேனைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் நெற்றியைத் தொடப்போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"போய் ஆட்டோ இட்டுனு வா. தையல் போடணும்" என்றாள்.

அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. கட்சிக்காரர்கள் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினார்கள். மகளிர் அணிப் பொறுப்பு வேறொருத்திக்குப் போனது. அரசாங்க உத்தரவுப்படி சாம்சன் போலீஸ் ஸ்டேஷனில் பெயர் பதிந்தான். பிறகு குடும்பத்தோடு கும்மிடிப்பூண்டி முகாமுக்குப் போகச் சொன்னார்கள். கிளம்பும் நாளில் லூர்தம்மாள் குழந்தையோடு மெஸ்ஸின் பின்வாசலுக்கு வந்தாள். கறிவேப்பிலை வாங்க வந்த அம்ருதவல்லியும் அங்கே இருந்தாள்.

"அக்கா, எம்பத்தி மூண்டில நாங்கள் கொழும்பில இருந்தனாங்கள்," என்றாள் லூர்தம்மாள். "அண்டைக்கும் இப்பிடித்தான் ஆக்கள் வந்தவங்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி ஒருத்தி எங்கட வாசலில வந்து கதிரையைப் போட்டு இருந்தவ. அவவும் உங்களை மாதிரித்தான். எங்களோட அவ்வளவாக் கதைக்க மாட்டா."

தாயாரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். நெற்றியில் கட்டு இன்னும் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்த அந்த வாய் திறக்காமலே இருந்தது. கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின.

"அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்றாள் கடைசியில்.

"தெரியாதக்கா. நாங்கள் அண்டைக்கே மன்னாருக்கு வெளிக்கிட்டிட்டம்."

"நல்லாத்தான் இருக்கும்," என்றாள் தாயாரம்மாள். பிறகு யாரையும் பார்க்காமல், மெதுவாக, "கடலுக்கு அந்தாண்ட ஒருத்தி" என்றாள்.

லூர்தம்மாளுக்குக் கட்டுச்சோறு கொடுத்து அனுப்பினார்கள். தேர்தல் நாளன்று தாயாரம்மாள் முதல் ஆளாகப் போய் அதே கட்சிக்கு ஓட்டுப் போட்டாள், பொறுப்பைப் பிடுங்கிய அதே கட்சிக்கு. அன்று மெஸ்ஸில் அதைச் சொல்லி, தலைவரை நினைத்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, முகாமில் ஆட்களை ஆடுமாடுபோல அடைக்கிறார்களாம், அது மட்டும் நியாயமா என்றும் கேட்டாள். சாப்பிட வந்த டிரைவர் ஒருவன், "இன்னாக்கா, நீ எந்தப் பக்கம்?" என்றான். அவனுக்கு வெகுநேரம் ரசம் வரவில்லை.

பின்புறத் தெருவில் பாஷ்யம் வழக்கம்போல ஜன்னலைச் சாத்த எழுந்தார்.

"திறந்தே இருக்கட்டும்னா," என்றாள் அம்ருதவல்லி. "நான் கேட்டுண்டிருக்கேன்."