நாலாம் நம்பர் வெள்ளை

கூடத்துச் சுவரில் பெயின்டர் ஐந்து கட்டங்கள் தீட்டி, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் போட்டிருந்தார். ஐந்துமே வெள்ளைதான், அல்லது வெள்ளைக்குச் சொந்தக்கார நிறங்கள். மூன்று வாரமாக அந்தச் சுவரின் முன்னால்தான் புதுத் தம்பதியின் சண்டை நடந்துகொண்டிருந்தது.

புதுத் தம்பதிக்கு வயது ஐம்பத்தெட்டும் அறுபத்தொன்றும். அவள் தையல்காரி, முதல் கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. புது மாப்பிள்ளை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்த வருடம்தான் முதல் கல்யாணம்.

"ரெண்டாம் நம்பர் போடலாம். தந்தம் மாதிரி இதமா இருக்கு" என்றார் அவர்.

"அதுவா? டீ சிந்தின துணி மாதிரி இருக்கு. நாலுதான் சுத்த வெள்ளை."

"நாலு நீலம், டெய்லரம்மா. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி குளிருது."

"முப்பது வருஷமா நூலுக்குக் கலர் பார்க்கிறவ நான். எனக்கே பாடமா?"

"நானும் அத்தனை வருஷம் சிக்னல் பார்த்தவன்தான்."

"சிக்னல்ல இருக்கிறதே மூணு கலர். அதுல வெள்ளை கிடையாது."

ஏணியில் உட்கார்ந்திருந்த பெயின்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முடிவு பண்ணிட்டு போன் பண்ணுங்கக்கா" என்று டப்பாக்களை மூடிவைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவளால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. முதல் கல்யாணத்தில் இருபத்தாறு வருடம் கரும்பச்சைச் சுவர்களுக்கு நடுவே வாழ்ந்தாள். உனக்கு எது பிடிக்கும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இவர் கேட்டார். கேட்டுவிட்டு மூன்று வாரமாக மறுத்துக்கொண்டிருந்தார். கேட்காமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கடைசியில் இவரும் தன் இஷ்டப்படிதான் செய்வாரோ என்று ராத்திரி பகலாக மனம் அரித்தது.

இதற்கு நடுவே கண் ஆபரேஷன் வந்தது. இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது, ஒரு மாதம் கழித்து இடது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதால்தான் டாக்டரிடமே போனாள். மற்றபடி தன் பார்வைமேல் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. வெள்ளைச் சட்டையை மஞ்சள் நூலால் தைத்திருப்பதாக ஒருத்தி போன மாதம் திருப்பிக் கொண்டுவந்தபோதுகூட, "சரியான நச்சு" என்றுதான் முணுமுணுத்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமிருந்த அக்கா வீட்டில் நான்கு நாள் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தாள். ஐந்தாம் நாள் அவர் வந்து அழைத்துப்போனார். வழியெல்லாம் அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

கதவைத் திறந்ததும் பெயின்ட் வாசனை. இரண்டாம் நம்பரை அடித்துவிட்டாரோ என்று அவள் வாசலிலேயே நின்றாள்.

"உள்ளே வா. இப்ப கண்ணாடியைக் கழட்டு."

கழற்றினாள். கட்டங்களையும் எண்களையும் காணோம். நான்கு சுவர்களும் ஒரே நிறம். சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் ஆகாயத்தில் இருக்குமே, அந்த வெளிறிய நீலம்.

"இது... எந்த நம்பர்?"

"என்ன கேள்வி! உன் நாலாம் நம்பர்தான். மூடியில இருந்த நம்பரை மூணு தடவை பார்த்துட்டுத்தான் அடிக்கவே விட்டேன்."

அவள் வலது கண்ணைக் கையால் மறைத்தாள். சுவர் வெள்ளையாகி, வெதுவெதுவென்று அருகே வந்தது. கையை எடுத்தாள். நீலம். மறுபடி மறைத்தாள். வெள்ளை. அந்தச் சட்டைக்காரி சொன்னது சரிதான். இவர் சொன்னதும் சரிதான்.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. இந்த நீலம் மூன்று வாரமாக இவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. குளிருகிறது என்று சொன்ன மனிதர், மிச்ச ஆயுள் முழுவதும் இதற்குள் உட்கார்ந்திருக்கத் துணிந்து அடித்திருக்கிறார்.  பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆசையாகச் செய்திருக்கிறாரே. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"இது நீலங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. "நீதானே வெள்ளைன்னு..."

"புதுக் கண்ணுக்கு நீலம். பழைய கண்ணுக்கு இன்னமும் வெள்ளை. புரைதான் இத்தனை நாளா எல்லாத்துலயும் மஞ்சள் பூசியிருக்கு."

அவர் ஒரு நொடி விழித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நீலமாத் தெரிஞ்சும் ஏன் அடிச்சீங்க?"

"நாலாம் நம்பர்கிட்ட நிக்கிறப்ப உன் முகம் ஒரு மாதிரி ஆகும். தினம் அதைப் பார்த்துட்டு இருக்கலாமேன்னுதான்."

அவள் அவரையே பார்த்தாள். சுவரைவிட ஆச்சரியமாக இருந்தார்.

"சரி விடு, நாளைக்கே பெயின்டரைக் கூப்பிடுறேன். ரெண்டாம் நம்பர் அடிச்சிடலாம்."

"வேண்டாம். ஒரு மாசம் போகட்டும். இடது கண்ணும் சரியாயிட்டா அந்த வெள்ளை எனக்கே கிடைக்காது."

அவர் யோசித்தார். ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப எனக்குச் சொல்லேன். எப்படித்தான் இருக்கு அது?"

அவள் வலது கண்ணை மறைத்துக்கொண்டாள். "புதுத் துணிக் கட்டைப் பிரிச்சா, வெளிச்சமே படாத உள்மடிப்பு ஒண்ணு இருக்கும்ல? அப்படி."

"ம்."

திரும்பிப் பார்த்தாள். அவரும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வாயைப் பிளந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எந்தக் கண்ணை மூடினாலும் நீலந்தான், டிரைவர் சார்!"

"இருக்கட்டுமே. நீ சொல்லு. அப்புறம்?"

ஜன்னல் வெயில் சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் சொல்லத் தொடங்கினாள்.