அவள் முகம் திருப்பிக்கொண்ட ஆள்

என் மனைவி காவல்துறையின் கேமரா அறையில் வேலை பார்த்தாள். திரையில் ஓடும் கூட்டத்தில் தேடப்படுகிறவனைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். புகைப்படத்தில் முடியையும் மீசையையும் விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்ப்பாள். ஒருமுறை பார்த்த முகம் அவளுக்கு மறக்காது. 'மூஞ்சி ரிஜிஸ்டர்' என்றுதான் அங்கே அவளைக் கூப்பிட்டார்கள். எனக்கோ எதிர்வீட்டுக்காரர் தொப்பி போட்டுவிட்டால் யாரென்று தெரியாது.

ஒருநாள் மருந்துக்கடை வாசலில் ஓர் ஆளைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடது புருவம் நடுவே அறுந்த ஆள். அடுத்த மாதம் ரயில் நிலையத்தில் மறுபடியும் அவன். மறுபடியும் திருப்பிக்கொண்டாள். யாரையும் அடையாளம் தெரியாத எனக்கு அவனை மட்டும் உடனே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"யாரு அவன்?"

"எவன்?"

"ஊரையே தெரிஞ்சு வச்சிருக்கே, புருவம் அறுந்தவனை மட்டும் தெரியலையாக்கும்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவரா? பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை எதிர்ல உட்கார்ந்திருந்தாரு. எட்டு வருஷம் இருக்கும். நான் போய்ச் சிரிச்சா பாவம், அந்த மனுஷன் பயந்துடுவாருங்க. எல்லார்கிட்டயும் தெரியாத மாதிரிதான் இருப்பேன்."

"எனக்கு எப்பவோ காது குத்தியாச்சு."

அவள் என் சட்டையை மடியில் வைத்தாள்.

"உங்க அக்கா நம்மை அறிமுகப்படுத்தி வச்ச அன்னைக்கும் தெரியாத மாதிரிதான் இருந்தேன். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே உங்களை பஸ்ல பார்த்திருக்கேன். கடைசி சீட்டு. பச்சைக் குடை வச்சிருந்த பொண்ணு உங்க தோள்ல சாஞ்சு அழுதுட்டிருந்தா. அவளை இப்பவும் மார்க்கெட்ல பார்க்கிறேன். யாருன்னு ஒரு வார்த்தை கேட்டேனா?"

நான் அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அதன் பிறகு பதினோரு வருடம், அவளோடு எந்தத் தெருவில் நடந்தாலும் என் கண் முதலில் அவனைத்தான் தேடியது. அவளுக்கும் அது தெரியும்.

அவள் இறந்து இரண்டு வருடமாகிறது. கண்ணை மூடி அவள் முகத்தை வரவழைத்துப் பார்க்கிறேன். நெற்றி வருகிறது. மூக்கு வருவதற்குள் நெற்றி போய்விடுகிறது. எழுந்து புகைப்படத்தை எடுக்க வேண்டியிருக்கிறது.

அவன் முகத்துக்குப் புகைப்படம் தேவைப்படவில்லை. போன வாரம் மருந்துக்கடையில் நின்றான். தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டிருந்தான். இருந்தும் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது.

அவன் என்னைப் பார்த்து, "வரிசையில நீங்கதானே சார் முன்னாடி?" என்றான்.

"நீங்க போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.