பால்கனி வரைக்கும்

குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா சம்மதித்துவிட்டார் என்று தெரிந்ததும் டிரைவர் பஸ்ஸை டிப்போவில் விட்டு நேரே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியின் சக்கர நாற்காலி முன் நின்றார்.

"டிஷ் வைக்கப் போறோம்மா. இனிமே உன் ஆளு தினமும் வருவாரு."

அவளுடைய ஆள் என்பது டிவியில் செய்தி வாசிப்பவர். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, எந்த டாக்டரும் வரவழைக்காத சொற்களை அந்த மனுஷர்தான் வரவழைத்தார். அவர் மழை என்றால் இவளும் வாயைக் கோணிக்கொண்டு மழை என்பாள். அமைச்சர், விபத்து, வெள்ளம் என்று ஒவ்வொன்றாக நாக்கில் ஒட்டிக்கொண்டது. கட்டினவன் கூப்பிட்டால் திறக்காத வாய் டை கட்டினவன் கூப்பிட்டால் திறக்கிறது பார் என்று டிரைவர் கேலி செய்வார். அவள் பாதி முகத்தால் சிரிப்பாள்.

படி ஏற முடியாதவளுக்காக லிஃப்ட் உள்ள இந்தக் குடியிருப்புக்கு மாறினார்கள். பழைய வீட்டில் வந்த அவர்கள் மொழிச் சேனல் இங்கே கேபிளில் இல்லை. டிஷ் வைத்தால் கட்டடத்தின் அழகு கெடும் என்று வீட்டுக்காரம்மா ஒரே பிடியாக நின்றார். மாதங்கள் போயின. ஒட்டிய சொற்கள் உதிர ஆரம்பித்தன. விபத்து போயிற்று, வெள்ளம் போயிற்று. டிரைவர் வாடகைதாரர் சங்கத்துக்கு நடையாய் நடந்தார். குடியிருப்பவர் தன் பால்கனிக்குள், சுவரைத் துளைக்காமல் டிஷ் வைக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது என்றார் சங்கத்து வக்கீல். அவர் ஃபோனில் பேசிய பிறகுதான் வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார்.

மறுநாள் டிஷ் மாட்டுபவர் வந்து, கம்பியை சிமெண்ட் தொட்டியில் நட்டு, தட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். மனைவி தலை வாரி, பவுடர் போட்டு, டிவி முன் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. டிஷ் மாட்டுபவர் எதிர்க் கட்டடத்தைக் காட்டினார்.

"அது மறைக்குது சார். மொட்டை மாடியில வச்சா அருமையா வரும்."

"மாடி எங்களுக்குக் கிடையாதே. பால்கனி வரைக்கும்தான் உரிமை."

வந்தவர் கம்பியைப் பிடுங்கினார். டிரைவர் வீட்டுக்காரம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சினார். பால்கனி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன் என்பதோடு அந்த அம்மாள் முடித்துக்கொண்டார்.

டிரைவர் டிவி முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்றைய முக்கியச் செய்திகள்" என்றார். சொல்வதற்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. பாலத்தருகே போக்குவரத்து நெரிசல், பயணிகள் அவதி என்று தன் பஸ் நின்ற கதையையே வாசித்தார். அவள் அவரைத் தாண்டிக் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் மழை வரலாம் என்று சொல்லும்போது அவர் குரல் பிசிறியது. அவள் இடது கையை மெல்லத் தூக்கி அவர் வாயின் மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.