இடது ஓரத்துப் பெடல்

1

வண்டி உருண்டு எழுபத்தொரு மணி நேரம் ஆகிறது. புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு உருண்டது. இன்று சனி, ஒன்பது இருபது. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. கற்பனை என்று சொல்லிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. நாகசாகியில் நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். (இது நல்ல காரணம் இல்லை.)

திங்கள் காலை எங்கள் ஓட்டுநர் மொதொமுரா சான் காவல் நிலையத்துக்குப் போய்த் தன் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கப்போகிறார். யாரும் கேட்கவில்லை. தன் தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று அவரே முடிவு செய்துவிட்டார். அதற்குள் நான் இதை முடிக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "அறுபத்து நான்கு வயது ஓட்டுநர் ஒருவர் அன்று பிரேக் போட மறந்தார்."

சுருக்கமான, நல்ல வாக்கியம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மழைக்காலக் காலையில், சரிவான தெருவில் நின்றிருந்த வெள்ளை வேன் யாரும் தொடாமலே—"

யாரும் தொடாமலே என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

மூன்றாவது தொடக்கம் எந்திரத்தைப் பற்றியது. அதில் பொய் சொல்ல இடம் குறைவு.

3

பழைய வேனில் பார்க்கிங் பிரேக் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் இருந்தது. கையால் இழுப்பது. ஏப்ரலில் வந்த வேனில் அது காலுக்குப் போய்விட்டது. ஓட்டுநரின் இடது பாதத்தருகே, மூலையில், ஒரு சின்னப் பெடல். ஒருமுறை மிதித்தால் பிடிக்கும். இன்னொருமுறை மிதித்தால் விட்டுவிடும். போடுவதற்கும் எடுப்பதற்கும் ஒரே செயல்.

கைப்பிடி என்றால் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும். இந்தப் பெடல் இருட்டில் இருக்கிறது. மீட்டர் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரியும்தான். பதற்றத்தில் இருப்பவர்கள் விளக்கைப் பார்ப்பதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அது எட்டாது. ஜன்னல் வழியாகக் கையை விட்டாலும் எட்டாது. (இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பார்த்தேன்.)

4

கதைக்குள் நான் மிஹோ. அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். மிஹோ அதிகம் பேசாதவள். குழாயை மூடிவிட்டு இன்னொருமுறை மூடிப் பார்ப்பவள். கேட்டால் மட்டும் பதில் சொல்பவள். அவளை எனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் அவளை வேனில் உட்கார வைத்தேன்.

ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும். தெரு குறுகலானது. வேனின் மூக்கு கீழ்நோக்கி இருந்தது. இடப்பக்கம் கற்சுவரை ஒட்டியபடி மொதொமுரா சான் நிறுத்தினார்.

"உன் பக்கக் கதவு திறக்காது, எரிரு சான். இந்தப் பக்கமாத் தாண்டி வா. பறக்கத் தெரிஞ்சா ஜன்னல் வழியாவும் வரலாம்."

(என் பெயர் எழில். அவர் வாயில் அது எரிரு; சான் என்பது இங்கே எல்லோர் பெயருக்கும் பின்னால் சேரும் மரியாதை. மிஹோ இந்த இடத்தோடு போய்விட்டாள்.)

சிரித்துக்கொண்டே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் பக்க ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. முப்பது வருடம் லாரி ஓட்டிய பழக்கம் அது. முன்சக்கரம் ஒரு சாக்கடை மூடியின் விளிம்பில் முட்டி நின்றிருந்தது. நான் அவருடைய இருக்கைக்கு மாறி, கதவைத் திறந்து, இடது காலை

இந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதினேன். ஐந்து முறையும் இங்கேயே நின்றது. தாண்டிப் போகிறேன்.

இருபது நிமிடம் கழித்துத் திரும்பினோம். அவர் பெட்டியைப் பின்னால் ஏற்றி, பின்கதவை ஓங்கிச் சாத்தினார். அந்த அதிர்வில் சக்கரம் விளிம்பைத் தாண்டியது. வேன் நகர்ந்தது. முதலில் மெதுவாக.

அவர் ஓடினார். ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டார். பழைய வேனில் கைப்பிடி இருந்த இடத்தை நோக்கி அந்தக் கை நீண்டதை நான் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துச் சுவர் பக்கம் திருப்பினார். பதினோரு மீட்டர் சுவரை உரசிக்கொண்டு போய் வேன் நின்றது. கீழே, மஞ்சள் தொப்பி போட்ட குழந்தைகள் வரிசையாகத் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

யாருக்கும் அடியில்லை. அவருக்கு மணிக்கட்டு மட்டும் வீங்கியது.

5

அன்று மதியமே எங்கள் பிரிவுத் தலைவி ஹமாசாகி சான் விசாரித்தார்.

"நியூட்ரல்லயா விட்டீங்க?"

"ஆமா. அது என் தப்புதான். ஆனா பிரேக்கை மிதிச்சேன்."

"மிதிச்ச வண்டி எப்படி உருளும்? பிரேக் நல்லாத்தான் இருக்குன்னு மெக்கானிக் எழுதியே குடுத்துட்டான். கனவுல மிதிச்சீங்களா?"

மொதொமுரா சானும் சேர்ந்து சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றது.

"எங்கப்பாவும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு. அடுப்பை அணைச்சிட்டேன்னு அடிச்சுச் சொல்லுவாரு. போய்ப் பாத்தா எரிஞ்சிட்டிருக்கும். கடைசியில என் பேரே தெரியல அவருக்கு."

ஹமாசாகி சான் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா, அவரு மிதிச்சதை?"

"பாக்கல."

இது உண்மை.*

* அவர் மிதித்தபோது நான் மாதிரிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹமாசாகி சான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். நானும் அதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

6

முடிவுகள்.

ஒன்று: திங்கட்கிழமை. கவுன்டரில் உரிமத்தில் துளை போட்டு, நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே கொடுக்கிறார்கள். பேருந்தில் வீடு திரும்புகிறார். அதன்பின் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடும் ஒவ்வொரு முறையும் அப்பாவை நினைக்கிறார். இதை என்னால் நன்றாகவே எழுத முடியும். அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று: பிரேக்கில் பழுது என்று கண்டுபிடிக்கிறார்கள். எந்திரத்தின் மேல் போட்டுவிடலாம், அது மறுக்காது. ஆனால் மெக்கானிக் எழுதிக் கொடுத்துவிட்டான்.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம். இப்படிப்பட்ட கதைகளில் அது நடப்பதுதான். வாசகரை மதிப்பது போலவும் இருக்கும். ஆனால் அந்த இருக்கையில் நீங்கள் இல்லை. நான் சொல்லாதவரை நீங்கள் எதை வைத்து முடிப்பீர்கள்? ஆகவே நான்

7

மேலே உள்ள வாக்கியத்தின் நடுவில் போன் அடித்தது. மொதொமுரா சான்.

"லீவு நாள்ல தொந்தரவு பண்றேன், எரிரு சான். தூங்கிட்டிருந்தியா?"

"இல்ல. எழுதிட்டிருந்தேன்."

"அடேயப்பா. என்னை ஹீரோவாப் போட்டு எழுது. முடி மட்டும் கொஞ்சம் கூட வச்சிடு." அவர் இருமினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் இறங்குறதுக்கு முன்னாடி, காலுகிட்ட கரகரன்னு ஒரு சத்தம் வருமே, அது உனக்குக் கேட்டுச்சா? நீ பக்கத்துலதானே இருந்த."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கேக்கலைன்னாலும் பரவால்ல. அதைச் சொல்லிட்டா நிம்மதியாப் போய்க் குடுத்துட்டு வந்துருவேன். தெரியாமத்தான் தூக்கம் வர மாட்டேங்குது."

கேக்கல. அந்தச் சொல் என் வாயில் தயாராக இருந்தது.

"கேட்டுச்சு," என்றேன்.

"ஆறுதலுக்குச் சொல்லாதம்மா."

"இல்ல. நல்லாக் கேட்டுச்சு. நீங்க மிதிச்சீங்க."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பிறகு மெதுவாக, என்னிடம் இல்லை, தன்னிடமே கேட்பதுபோல் கேட்டார்.

"அப்ப அது எப்படி உருண்டுச்சு?"

"நான் இறங்கும்போது, பிரேக் சரியாப் பிடிச்சிருக்கோ இல்லையோன்னு பயந்து, அதை இன்னொரு தடவை மிதிச்சேன்."