பேர் கிடந்த இடம்

ஒரு பிள்ளையின் மண்டைக்குள் என்ன ஏறியிருக்கிறது என்று அறிய என்ன விலை? லேமினேஷனோடு சேர்த்து அட்டைக்கு ஒன்றரை ரூபாய். கட்கி பஜார் கடைக்காரன் இரண்டு கேட்டான். ஈனிட் டீச்சர் கடைப்படி இறங்குவதுபோல் காட்டியதும் அவனும் இறங்கினான்.

அட்டையில் கறுப்புக் கட்டங்கள். நான்கு ஓரத்துக்கும் நான்கு விடை. சரியென்று பட்ட ஓரத்தை மேலே வைத்துப் பிள்ளை தூக்கிப் பிடிக்கும். டீச்சர் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் திரையில் பேரோடு பச்சையும் சிவப்பும் வரும். கூச்சக்காரப் பிள்ளையும் வாய் திறக்காமல் பதில் சொல்லிவிடும்.

ஐந்தாம் வகுப்பு பி பிரிவில் இருபது பேர். தீபாவளிக்கப்புறம் அதில் தினேஷ் என்ற பையனின் அப்பா ரஞ்சன்காவ் ஊரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து குடும்பத்தோடு போய்விட்டார். இருபதுக்குக் குறைந்தால் பிரிவை மூடுவார்கள். ஈனிட்டுக்கும் வேலை கிடையாது.

தலைமையாசிரியை ஹெலினாதான் வழி சொன்னாள். "லிஸ்டுலேர்ந்து அவன் பேரை எடுக்காத ஈனிட். அதுபாட்டுக்குக் கெடக்கட்டும். பேரு என்ன, சோறா கேக்கப்போவுது?"

கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை பின்னக் கணக்குக்கு அட்டைகள் உயர்ந்தன. போன் ஓடியது. தினேஷ்: பச்சை.

அவனுடைய அட்டையோ பூட்டிய அலமாரிக்குள். போன் கோளாறு என்று நினைத்தாள். மறுநாளும் பச்சை. எந்தக் கேள்விக்கும் தப்பே இல்லை. வகுப்புச் சராசரி ஏற, ஹெலினா வாயெல்லாம் பல். வருகிற லாபத்தை எந்த வழியாய் வந்தாய் என்று விசாரிப்பார்களா? ஈனிட்டும் விசாரிக்கவில்லை.

வியாழக்கிழமை பானுவின் அட்டையைப் போன் படிக்கவில்லை. இரண்டாவது பெஞ்சில் கையை உயரத் தூக்கிக்கொண்டிருந்தாள் பிள்ளை.

"மிஸ், நான் ஸீதாதானே பிடிச்சிருக்கேன்?"

நேராகத்தான் பிடித்திருந்தாள். ஈனிட் கையாலேயே பதிவு செய்தாள், கண்ணெதிரே அழிந்தது.

வெள்ளிக்கிழமை வருகைப் பதிவில் பானு பேரைத் தாவிவிட்டாள் ஈனிட். அவளுக்கே தெரியவில்லை. பக்கத்துப் பையன் மெர்வின், காலி இடத்தில் வைப்பதுபோல், தன் பையைப் பானு மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இடைவேளையில் பானு மேசையருகே வந்து நின்றாள். "மிஸ், நேத்து ரிக்ஷா அங்கிள் என்னை ஏத்தாமலே போயிட்டார். ராத்திரி அம்மா எல்லாருக்கும் தட்டு வெச்சாங்க. எனக்கு வெக்கல. கோபமான்னு கேட்டேன். அவங்களுக்கு... சுனாயீ நஹீ தியா, காதுலயே விழல."

தினேஷுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஈனிட்டுக்குப் பட்டது. தினேஷ் வீட்டுக்குப் போன் போட்டாள். பையனே எடுத்தான். நல்ல சுகம். புதுப் பள்ளிக்கூடம் போரடிக்குதாம்.

அப்படியானால் இங்கே பதில் சொல்வது தினேஷ் இல்லை. ஆளில்லாமல் கிடந்த பேரில் எதுவோ குடிவந்திருக்கிறது. வந்தது உட்கார இடம் வேண்டும். அதற்காகப் பானு எழுந்துகொண்டிருக்கிறாள்.

ஹெலினாவின் அறைக்குப் போய் அவள் எதிரிலேயே போனை நீட்டினாள் ஈனிட். "தினேஷ் பேரை எடுக்கறேன் மிஸ்."

"பைத்தியமா? உன் வேலை போயிடும்டீ!"

"போகட்டும். பானுன்னு ஒரு பொண்ணு இருக்காளே, தெரியுதா உங்களுக்கு?"

ஹெலினா நெற்றியைச் சுருக்கினாள். "எந்த பானு?"

ஈனிட் அதற்குமேல் பேரம் பேசவில்லை. பேரை அழித்தாள். வகுப்புக்கு ஓடி, சுலபமான கூட்டல் ஒன்றைப் பலகையில் எழுதி, "அட்டையைத் தூக்குங்க!" என்றாள்.

போன் ஓடியது. பானு: பச்சை. மெர்வின் திடுக்கிட்டுத் திரும்ப அவள் மடியில் வைத்திருந்த தன் பையை இழுத்துக்கொண்டான். "ஏய், நீ எப்ப வந்தே?"

ஈனிட்டுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையின் அடியில் இருந்த மொத்தத்தைப் பார்த்தாள்; தூக்கிய கைகளையும் எண்ணினாள்.

பேர் பத்தொன்பது. உயர்ந்த கை பத்தொன்பது. வந்த பதில் இருபது.