கூப்பிடு பொத்தான்

...ஆனால் அந்த மூன்றாம் பிளாட்பாரப் புதிர் சொதப்பல்தான், அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தம்பி பிடித்துக்கொள்வான், உனக்கு எதைக் கொடுத்தாலும் பிரமாதம்தான் போ என்று கிண்டலடிப்பான், தண்ணீர்த் தொட்டியை நிரப்பு, காலி பண்ணு, மறுபடி நிரப்பு, இதெல்லாம் ஒரு புதிரா, குழாயடி வேலை... மற்றபடி அடேயப்பா, மற்றதெல்லாம்! அவள் ஒரு கீழ்ப்பல்லை இடுக்கியால் எடுத்து மெழுகு ஈறில் ஊன்றினாள், சூடான கத்தியால் ஓரத்தை இழைத்தாள், யாரோ ஒரு பெரியவருக்கான முழு செட், பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், பல்லாக்கித் திருப்பி அனுப்புவது இந்த மாடியறையின் வேலை, கைக்குப் பழகிப்போன வேலை, அதனால் மூளை முழுக்க அந்த ரயில் நிலையத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வீடியோ ஆட்டத்தின் முதல் பாகத்தில் பழைய ஓட்டல் ஒன்றில் மாட்டிக்கொண்ட அக்காவும் தம்பியும் இரண்டாம் பாகத்தில் வளர்ந்துவிட்டார்கள், எந்த ரயிலும் கிளம்பாத ஒரு நிலையத்தில் வந்து நிற்கிறார்கள், பிளாட்பாரத்துக்கு ஒரு கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும், புதிரை அவிழ்த்தால் கடிகாரம் சரியாகும், எல்லாம் சரியானால் ரயில் வரும். இப்படி ஒரு கதையை உட்கார்ந்து யோசித்தவன் யாராக இருந்தாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

முடிவு மட்டும் ஐந்தாம், ஐந்து! அவளுக்கு வந்த முடிவைச் சொன்னால் தம்பி ஆடிப்போவான். சொல்லத்தான் முடியவில்லை, வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது, ஏனென்றால் ஒப்பந்தம் அப்படி, ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாக ஆடுவது, இரண்டு பேரும் முடித்த பிறகுதான் வாய் திறப்பது. அவள் முந்தாநாள் சாயங்காலமே முடித்துவிட்டாள். அவன் ஆடி அசைந்து வருகிறான், எப்போதும் அப்படித்தான், லிஃப்ட் மெக்கானிக் என்று பெயர், லிஃப்டைவிட மெதுவாக ஏறுவான். கடைசிக் காட்சியில் ரயில் வருகிறது, அக்கா ஏறுகிறாள், தம்பி பிளாட்பாரத்திலேயே நிற்கிறான், கையசைக்கிறான், ஜன்னல் வழியாக அவன் சின்னதாகிக்கொண்டே போகிறான்... அவள் சோபாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள், அழுதுகொண்டே கை தட்டினாள், என்ன தியாகம், அக்கா பிழைக்கட்டும் என்று தான் நின்றுகொண்ட பிள்ளை. பக்கத்து மேசையில் பாலிஷ் போடும் அக்காவிடம் நேற்று இதைச் சொல்லிப் பார்த்தாள், அந்த அக்கா முகமூடியை இறக்கி, "பொம்மை கையாட்டினதுக்கா கண்ணு இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டாளே, அவளிடம் போய் என்ன பேசுவது. தம்பிதான் வேண்டும். அவனிடம்தான் பேச வேண்டும்.

பேச வேண்டியது வேறொன்றும் இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது என்று கத்தியை விளக்கில் காட்டினாள். துறைமுகப் பட்டணத்தில் அவனுக்கு வேலை வந்திருக்கிறது, இன்று சாயங்காலத்துக்குள் வருகிறேன் வரவில்லை என்று அவன் சொல்லியாக வேண்டும், அம்மா போன பிறகு இருப்பது இரண்டே பேர், அவனும் இரண்டு தெரு தள்ளித் தனி அறை எடுத்துப் போய்விட்டான், இப்போது ஊரைவிட்டே... என்ன முடிவு பண்ணினே என்று கேட்டால் "சொல்றேன்க்கா" என்பான், எழுந்ததும் ஃபோனில் கேட்டாள், பஸ்ஸில் கேட்டாள், படியேறும்போது கேட்டாள், கடைசியில் அவன் எடுக்கவே இல்லை. ஏணிமேல் நின்றிருப்பான். ஏணிமேல்தான் நின்றிருப்பான், வேறென்ன? சரி, அதை விடு, குறை என்று ஒன்றாவது சொல்ல வேண்டுமே, இதைச் சொல்லலாம், கடைசிப் பகுதிகளில் ஆட்டம் திக்குகிறது. கண்ட்ரோலரில் கூப்பிடு பொத்தான் என்று ஒன்று, அமுக்கினால் அக்கா "வா" என்பாள், தம்பி எங்கே எதை நோண்டிக்கொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வருவான், என்ன வசதி, கதவுக்குக் கதவு அமுக்கினாள், படிக்குப் படி அமுக்கினாள், அதனால்தான் இவ்வளவு வேகமாக முடித்தாள். ஆனால் போகப்போக அமுக்கிய பிறகு அந்தப் பையன் கொஞ்ச நேரம் சும்மா நிற்பான், அப்புறம்தான் அசைவான். ஆட்டப் பெட்டி சூடாகிவிட்டது என்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள், தான் வேர்த்து விறுவிறுக்க ஆடினாள். அப்படியும் திக்கியது.

அலைபேசி மினுங்கியது. முடிச்சாச்சு! ஒரே ஒரு வார்த்தை, அவளுக்குத் தலைகால் புரியவில்லை, கையில் மெழுகுக் கத்தியோடே படிக்கட்டு ஜன்னலுக்கு ஓடினாள், எடுடா, எடு, எடு... எடுத்தான்.

"சொல்லு, அழுதியா இல்லையா?"

"அழுகையா? எதுக்குக்கா? ரெண்டு பேரும் ரயில்ல ஏறி ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுறாங்க, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்."

ரெண்டு பேருமா? அப்படி ஒரு முடிவு இருக்கிறதா? "அவன் ஏறவே மாட்டானேடா, தியாகம் பண்ணி நின்னுடுவானே..."

"அச்சச்சோ. நீ கூப்பிடு பொத்தானை ரொம்ப அமுக்கிட்டியா?"

"அமுக்காம? பின்ன எதுக்கு வெச்சிருக்கான் அதை?"

"அதுலதான்க்கா முடிவே இருக்கு. கடைசியில நீ என்ன தேர்ந்தெடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. கூப்பிடக் கூப்பிட அவன் தயங்குவான், முகத்தைப் பாக்கலையா நீ? கடைசியில அவனுக்கு ஏற இஷ்டமில்ல, அவ்வளவுதான். இதுல தியாகம் எங்க வந்துது?"

திக்கவில்லை. ஆட்டம் திக்கவே இல்லை, அந்தப் பையன் யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறான், அவள் அவனுக்கு விசிறி போட்டிருக்கிறாள்! சிரிப்பு பீறிட்டு வந்தது, யாருடைய மூளையடா இது, பொத்தானைக் கையில் கொடுத்துவிட்டு அமுக்குகிறாளா என்று ஒளிந்திருந்து பார்த்திருக்கிறார்கள், இவர்களை என்ன செய்தால் தகும், கோவில் கட்டலாம், இல்லை, நாலு சாத்து சாத்தலாம். இன்றைக்கே முதலிலிருந்து ஆட வேண்டும், இன்னும் நாலு முடிவு பாக்கி... இரு, இரு, ஒரு நிமிடம். முதல் பாகத்திலும் இந்தப் பொத்தான் உண்டே? ஒரே சோபா, ஒரே கண்ட்ரோலர், அவன் கையில் அது, அவள் வாயில் கட்டளை, கூப்பிடு, கூப்பிடு, டேய் கூப்பிடுடா அவனை என்று ஓட்டல் முழுக்கக் கத்தியிருக்கிறாளே, அப்போது மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தார்களே, எப்படி? கேட்டாள்.  அந்தப் பக்கம் அவன் மூக்கால் சிரிப்பது கேட்டது.

"நான் அமுக்கவே இல்லக்கா. நீ கத்துவ, நான் கட்டைவிரலை அதுமேல வெச்சுட்டுச் சும்மா இருப்பேன். கொஞ்ச நேரத்துல அவனே வந்துருவான். நீ நான்தான் கூப்பிட்டேன்னு நெனச்சுப்ப."

அடப்பாவி. அத்தனை நாளுமா? அத்தனை நாளும் பக்கத்திலேயே தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து... அந்த வேலை விஷயம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, என்னடா முடிவு பண்ணினே, இதோ கேட்கப் போகிறாள், கேட்டேவிட்டாள் என்று இருக்கும்போது, "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு அங்க வரேன்க்கா, நேர்ல பேசலாம்" என்று வைத்துவிட்டான். எதைப் பேச? ஆட்டத்தையா, வேலையையா? சாப்பிட்டுவிட்டு வருவானா, வந்து சாப்பிடுவானா? திரும்ப அடித்துக் கேட்டால் தெரிந்துவிடும், விரல் பெயரின் மேலேயே இருந்தது.

மேசைக்கு வந்தாள். உள்ளுக்குள் இன்னும் குதித்துக்கொண்டுதான் இருந்தது, இப்படி ஒரு ஆட்டம் வாழ்நாளில் ஆடியதில்லை என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும், பாலிஷ் அக்காவிடமே சொன்னாள், பொத்தான், பையன், விசிறி எல்லாவற்றையும், அந்த அக்கா விசிறிக்கு மட்டும் சிரித்தாள். கடைவாய்ப் பற்களை ஊன்றி முடித்தாள். சாப்பாட்டு நேரம் வந்தது, டப்பாவைத் திறந்து வைத்தாள், மூடி வைத்தாள், ஜன்னலில் எட்டிப் பார்த்தாள், தெருவில் யார் யாரோ போனார்கள். இந்நேரம் கிளம்பியிருப்பானா? ஒருவேளை சாயங்காலம் ஆகட்டும் என்று... ஒரே ஒரு அழைப்பு, எங்கேடா இருக்கே என்று மட்டும், வேலையைப் பற்றி மூச்சே விடாமல்... அப்படித்தானே ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்தாள்? அவன் தனி அறை எடுத்தபோது தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு வரவழைத்தாள், வந்தான், வந்துவிடுகிறானே என்று பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால், சில நாள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நிற்பான். மழை, சகதி, அதனால் நிற்கிறான் என்றல்லவா துணியை நீட்டினாள்.

"நேரமாச்சே, ஃபோன் போட்டுப் பாரேன்" என்றாள் பாலிஷ் அக்கா, வாயில் சோற்றோடு.

"வேணாம்க்கா. அவனே வரட்டும்."

சொல்லிவிட்டாள், சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியம், அலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள், அதன்மேல் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது, இருக்கட்டும், அமுக்காமல் இருந்தால் போதும். நெஞ்சு அடித்துக்கொண்டது, பயமா ஆசையா, இரண்டும்தான், கடைசிக் கடிகாரம் சரியாகி ரயில் சத்தம் கேட்கும் முன் அடித்துக்கொண்டதே, அதே அடி. கூப்பிடாமல் இருந்தால் அவன் வருவானா? அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு தடவைகூட அவள் விட்டதில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட. கீழே படிக்கட்டில் காலடி கேட்டது, செட்டுகளை எடுத்துப்போக வரும் ஆளாகவும் இருக்கலாம், முதல் திருப்பத்தில் அது நின்றது, வழக்கமாக இந்நேரம் அவள் எட்டிப் பார்த்து "டேய், நீயா?" என்று குரல் கொடுத்திருப்பாள்.